மனச்சுத்தம் போதாது

"வேண்டுமென்று செய்யவில்லை" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று நினைக்கிறோம். நம் மனம் சுத்தமென்றால் அடுத்தவருக்கு நேர்ந்த இழப்பு கணக்கிலேயே வருவதில்லை. ஸ்குவாஷ் ஆட்டத்தின் குறுக்கீட்டு விதி இதை ஏற்பதில்லை. அந்த விதியின் பக்கமே நியாயம் இருக்கிறது.

டென்னிஸில் இருவருக்கும் நடுவே வலை உண்டு. ஸ்குவாஷில் 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் உள்ள ஒரே களத்துக்குள் இருவரும் மட்டை வீசுகிறார்கள். வழிமறிப்பு நேர்ந்தே தீரும். ஆகவே அடித்து முடித்தவருக்கு ஒரு கடமை: எதிராளி பந்தைப் பார்க்கவும், நேராக அதனிடம் போகவும், மட்டையை வீசவும், முன்சுவரில் விரும்பிய இடத்துக்கு அடிக்கவும் முழு முயற்சியோடு விலக வேண்டும்.

மறிக்கப்பட்டவர் "லெட் ப்ளீஸ்" என்று கேட்பார். விலக முயலாதவர் நல்ல பதிலடியைத் தடுத்திருந்தால் நடுவர் 'ஸ்ட்ரோக்' என்பார், புள்ளி கேட்டவருக்கு. முயன்றும் முடியவில்லையென்றால் பெரும்பாலும் 'லெட்', அதாவது மறு ஆட்டம். இதுவரை யாரும் முகம் சுளிக்க மாட்டோம். ஆனால் நீங்கள் உண்மையாகவே விலகப் பார்த்தும், எதிராளியின் அடி வெற்றி அடியாகவே இருந்திருக்கும் என்று நடுவர் கருதினால், அப்போதும் ஸ்ட்ரோக்தான். உங்கள் நேர்மையை அங்கே யாரும் சந்தேகிக்கவில்லை. எதிராளி இழந்ததை அவரிடம் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவே. வேண்டுமென்றே இடிப்பவருக்கு நடத்தை விதியில் தனித் தண்டனை உண்டு: எச்சரிக்கையில் தொடங்கி ஆட்டத்தையே இழப்பது வரை. பழியும் ஈடும் வேறு வேறு என்பதை இந்த ஆட்டம் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது.

கேட்பவருக்கும் சோதனை உண்டு. எட்டவே முடியாத பந்துக்குக் கை தூக்கினால் 'நோ லெட்'.

இனி நம் வீட்டுக் கூடத்துக்கு வருவோம். "நான் யாரையும் சாதி பார்த்து ஒதுக்கியதில்லை, பிறகு என் பிள்ளையின் இடத்தில் ஏன் பங்கு கேட்கிறார்கள்?" படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். ஒதுக்காமல் இருந்திருக்கலாம், நல்லதுதான். ஆனால் கேள்வி உங்கள் மனதைப் பற்றியதே அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கும் கோயிலுக்கும் நிலத்துக்கும் போகும் வழியில் யாரோ மறிக்கப்பட்டார்கள். அந்த இழப்பு இன்றும் இருக்கிறது. அதற்கு ஈடு கொடுப்பது உங்களைக் குற்றவாளி என்று சொல்வதாகாது.

அடுத்த முறை இடஒதுக்கீடு பற்றிப் பேசும்போது உங்கள் மனச்சுத்தத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். வழி மறிக்கப்பட்டதா, மறிக்காமல் விட்டிருந்தால் அவர் எங்கே போயிருப்பார் என்று கேளுங்கள்.