போயிட்டு வர்றேன்

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை இன்று டல்லாஸில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம். லீவு முடிந்து கிளம்பும்போது அப்பாவும் அம்மாவும் மீனம்பாக்கம் வரை கூடவே வருவார்கள். வாசலில் காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கும் இடத்தில் பிள்ளை சொல்வான்: 'போயிட்டு வர்றேம்மா.'

'போறேன்' என்று மட்டும் சொன்னால் நம்ம ஊரில் அபசகுனம். சரி, அம்மாவுக்கு வயசு எழுபத்தைந்து. அந்த 'வர்றேன்' சத்தியமா, சும்மா சம்பிரதாயமா?

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மூன்று வாரம். அம்மா இன்னும் பத்து வருஷம் இருந்தால் ஐந்தே தடவை. மொத்தம் 105 நாள். அதிலும் பாதி கல்யாணம், பேங்க், ஷாப்பிங்.

அந்தக் கணக்கும் நம் கையில் இல்லை. கொரோனாவால் 2020 மார்ச் 23-ல் நின்ற வழக்கமான சர்வதேச விமானங்கள், 2022 மார்ச் 27-ல்தான் மறுபடி கிளம்பின. சிறப்பு விமானங்களில் இடம் கிடைக்காமல், பெற்றவர்களின் கடைசிக் காரியத்தை செல்போனில் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

போனது தப்பில்லை. தறிக்கூலியில் படிக்க வைத்தவர்களே 'போ' என்றுதான் அனுப்பினார்கள். பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்க 2007-ம் வருஷச் சட்டம் பெற்றோருக்கு உரிமை தருகிறது. 'வர்றேன்' என்ற வார்த்தையை எந்தச் சட்டம் வாங்கித் தரும்?

அடுத்த தடவை அந்த வாசலில் ஒரு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கு வந்துடுவேம்மா.' அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள். அந்த வட்டத்துக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.