எத்தனை ஆண்டுக் குளிர்ச்சி?

சேலம் ஜில்லாவிலிருந்து 1965-இல் தருமபுரி பிரிந்தது, வெயில் பிரியவில்லை. அரூர்ப் பக்கம் நண்பர் ஒருவர் கீற்றுக் கூரையைப் பிரித்துக் காங்கிரீட் போட்டார். வெக்கை தாளாமல் ஏ.ஸி.யும் வாங்கினார். "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று என்னைக் கேட்டார். 10, 15 ஆண்டு என்றேன். கீற்றோ 2, 3 ஆண்டில் இற்றுவிடும். அவர் கணக்கு சரிதான்.

ஆனால் ஏ.ஸி. வெப்பத்தை அழிப்பதில்லை, அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளுகிறது, தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து. தள்ளிய இடம் பக்கத்து வீட்டுக் கிழவியின் திண்ணை. முன்பெல்லாம் இவர் வீட்டுக் கூரை வேயும்போது கீற்று எடுத்துக் கொடுத்தவள் அவள். சித்திரையில் கயிற்றுக் கட்டிலை வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் திண்ணைக்குத் திரும்ப எத்தனை ஆண்டு ஆகும் என்று நண்பர் கேட்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் அப்போது தோன்றவில்லை.