பூதம் காத்திருக்கும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வெளிவந்தது. பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகும் ஆட்டம். பிள்ளை குட்டி வந்தால் இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு ஒரு தகவல்: அது பிறந்ததே பிள்ளைகள் இருந்த வீட்டில்தான். அமெரிக்காவின் லேக் ஜெனீவா ஊரில் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், தான் வரைந்த பாதாளக் கோட்டைக்குள் முதலில் இறக்கிவிட்டது மகன் எர்னியையும் மகள் எலிஸையும். கிடைத்த பெட்டி நிறையச் செப்புக்காசு. தூக்க முடியாத கனம். பிள்ளைகளுக்கு எரிச்சல். அவர்கள் தூங்கப் போனதும் அப்பா அடுத்த தளத்தை வரைய உட்கார்ந்துவிட்டார்.

பல வருஷம் ஓடிய ஆட்டக் குழு கலைவது குழந்தையால் அல்ல, 'எல்லாரும் வந்தால்தான் ஆட்டம்' என்கிற பிடிவாதத்தால்தான் என்பேன். ஐந்து பேரில் மூன்று பேர் வந்தாலே தொடங்கிவிடுங்கள். ஆறு மணி நேர ஆட்டத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கதை ஊர் திரும்பி முடியட்டும். அடுத்த வாரம் வராதவரின் வீரன் சத்திரத்தில் குறட்டை விடுவான், அவ்வளவுதான். மந்திரவாதியின் முறை வரும்போது மந்திரவாதி டயபர் மாற்றிக்கொண்டிருப்பார். பொறுங்கள், பூதம் எங்கேயும் ஓடிவிடாது.