ஞானஸ்நானமும் மீட்பும்

கொல்கத்தாவின் தென்பகுதியில், டாக்குரியாவை அடுத்த கோல்பார்க்கில் நமது மிஷனின் பண்பாட்டு நிலையம் 1961 முதல் இயங்கி வருகிறது. அருகிலுள்ள டாக்குரியா ஏரியைச் சுற்றிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 24-ஆம் நாள் மாலையில் ராமகிருஷ்ண சங்கத்தின் மடங்களில் ஏசுநாதரின் திருவுருவப் படத்தை அலங்கரித்து, மலரும் நிவேதனமும் படைத்து, பைபிளிலிருந்து வாசித்து வழிபடுகிறோம். இதைக் காணும் அன்பர்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு: ‘ஏசுவை வழிபடுகிறீர்கள்; அப்படியானால் அவர் பெயரால் வழங்கப்படும் ஞானஸ்நானத்தையும் ஏற்கிறீர்களா? அதன் வழியாகவே மீட்பு என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே?’

‘எல்லாம் ஒன்றுதான்’ என்று கூறி இக்கேள்வியைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அது கிறிஸ்தவ அன்பரின் நம்பிக்கையை மதிப்பதாகாது. நமது சாதனைக்கும் உதவாது. பிறர் தம் உயிரினும் மேலாகப் போற்றும் ஒன்றை, அவர்கள் எப்பொருளில் போற்றுகிறார்களோ அப்பொருளிலேயே முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சமரசம் என்பதன் முதற்படி அதுவே.

சொற்களிலிருந்து தொடங்குவோம். மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபடுவோருக்குச் சொற்களே ஆசிரியர்கள். பாப்திசம் என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு மூழ்குதல் என்பது பொருள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அச்சடங்கை நெடுங்காலமாக ஞானஸ்நானம் என்று வழங்கி வருகின்றனர். கத்தோலிக்கர் இன்று திருமுழுக்கு என்றும் கூறுவர். நீரில் மூழ்குவது உடல். எனினும் தமிழ் அந்நிகழ்ச்சிக்கு ஞானத்தின் பெயரைச் சூட்டியது. உடல் நனைவதோடு செயல் முடிந்துவிடவில்லை என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது.

அடுத்து, மீட்பு. அடகு வைத்த நகையைப் பணம் கொடுத்துத் திரும்பப் பெறுவதை ‘மீட்டல்’ என்கிறோம். மனிதன் பாவத்தினிடம் அடகுப் பொருளாகிவிட்டான். தன்னை மீட்டுக்கொள்ளும் பொருள் அவனிடம் இல்லை. ஏசுநாதர் சிலுவையில் தம்மையே விலையாகத் தந்து அவனை மீட்டார். கிறிஸ்தவ நம்பிக்கையின் உயிர்நாடி இது. ‘இரட்சிப்பு’ என்னும் சொல்லும் வேறொருவர் வந்து காப்பதையே குறிக்கிறது.

வேதாந்தம் கூறும் உவமை வேறு. ஒரு பெண் தன் கழுத்திலுள்ள மாலையை மறந்துவிட்டு, அது தொலைந்ததென்று எண்ணி வீடெங்கும் தேடி அழுகிறாள். ‘உன் கழுத்திலேயே இருக்கிறதே!’ என்று அருகிலிருப்பவர் சுட்டிக்காட்டுகிறார். அக்கணமே துயரம் தீர்கிறது. மாலை எப்போதும் தொலையவில்லை. அறியாமை ஒன்றே நீங்கியது. முக்தி என்பதும், ‘விடுதல்’ என்பதிலிருந்து வந்த ‘வீடு’ என்பதும் இந்த விடுபடுதலையே குறிக்கின்றன.

அடகிலிருந்து மீண்ட நகையும் கழுத்தில் மறந்திருந்த மாலையும் ஒன்றல்ல. முன்னதில் உண்மையாகவே ஓர் இழப்பு நேர்ந்தது, விலை கொடுக்கப்பட்டது. பின்னதில் இழப்பே இல்லை. இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இரண்டிலும் ஓர் உண்மை ஒளிர்கிறது. நகையை மீட்டவர் வேறொருவர். மாலையைச் சுட்டிக்காட்டியவரும் வேறொருவரே. ‘என் ஆற்றலால் பெற்றேன்’ என்று மார்தட்டிக்கொள்ள இரு இடங்களிலும் ஒருவருக்கும் உரிமையில்லை. அகங்காரம் தலைகுனியாமல் அருளும் இல்லை, ஞானமும் இல்லை.

ஞானஸ்நானத்தின் உட்பொருளும் இதுவே. நீருக்குள் அமிழ்வது பழைய மனிதனின் மரணம்; எழுவது புதிய மனிதனின் பிறப்பு. அது கிறிஸ்துவோடு இறந்து அவரோடு எழுவது என்று புனித பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் விளக்குகிறார். யோர்தான் நதிக்கரையில் யோவான் ஞானஸ்நானம் கொடுத்தபோது, பாவமே அறியாத ஏசுநாதரும் பாவிகளோடு சேர்ந்து நின்று அதை ஏற்றார். தூய்மையின் வடிவானவர் தாழ்ந்து நின்ற அக்காட்சி தியானத்திற்குரியது. நம் மரபிலும் சன்னியாசம் ஏற்பவர் தமக்குத் தாமே சிராத்தம் செய்துகொண்டு, விரஜா ஹோமத் தீயின்முன் பழைய பெயரையும் உறவையும் துறக்கிறார். அன்றைய தினம் ஒருவன் இறந்தாக வேண்டும். ஆனால் பெயர் மாறிய பின்னும் பழைய ‘நான்’ உயிரோடு இருந்தால், காவி வெறும் துணியே. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறிய பின்னும் பழைய மனிதன் சாகாதிருந்தால் அந்நீரும் வெறும் நீரே என்று சிந்தனை மிக்க கிறிஸ்தவர்களும் ஒப்புக்கொள்வர்.

நீரின் எல்லையைக் கிறிஸ்தவ மரபே அறிந்திருக்கிறது. ஏசுநாதரோடு சிலுவையில் அறையப்பட்ட கள்வன் ஒருவன் மனந்திரும்பி, தன்னை நினைவுகூருமாறு அவரிடம் வேண்டினான். அன்றே அவனுக்குப் பரதீசு வாக்களிக்கப்பட்டது. அவன் எந்த நதியிலும் மூழ்கவில்லை. நீரால் ஞானஸ்நானம் பெற இயலாமல், அதை உண்மையாக விரும்பி இறந்தோரின் ஆவலையே ஞானஸ்நானமாகக் கத்தோலிக்கத் திருச்சபை கருதுகிறது.

வங்கத்தில் இக்கேள்வியைத் தம் வாழ்க்கையாலேயே சுமந்தவர் பிரம்மபாந்தவ உபாத்யாயர் (1861–1907). பவானிசரண் பந்த்யோபாத்யாயர் என்ற பெயருடன் அந்தணக் குடும்பத்தில் பிறந்து, கேசவ சந்திர சேனரின் இயக்கத்தில் சேர்ந்தவர். 1891 பிப்ரவரியில் ஆங்கிலிக்கப் பாதிரியார் ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஆயினும் அந்தச் சபையில் சேரவில்லை. அதே ஆண்டு கத்தோலிக்கரானார். 1894-இல் காவி உடுத்து, மார்பில் சிலுவை அணிந்து, தம்மை இந்து கத்தோலிக்கர் என்று அழைத்துக்கொண்டார். கிறிஸ்தவரின் திரித்துவத்தை ‘சச்சிதானந்தம்’ என்று போற்றி வடமொழியில் துதி இயற்றினார். இருசாராரும் அவரை ஐயத்தோடு நோக்கினர். 1907-இல் அரசத் துரோக வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே மறைந்தார். அவரது உடல் இந்து முறைப்படி தகனம் செய்யப்பட்டது. ‘அவர் யாருடையவர்?’ என்று உலகம் வாதிட்டது. அவரோ யாருக்கு உரியவராக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஏங்கினாரோ, அவரிடம் சென்று சேர்ந்தார். தமிழகத்தில் வைணவராகப் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தைத் தந்தார். அவர் சமயம் மாறினார். அவரது பக்தித் தமிழ் மாறவில்லை.

குருதேவரின் வாழ்க்கையிலோ ஞானஸ்நானம் நிகழவேயில்லை. சம்பு சரண் மல்லிக் பைபிளை வாசிக்கக் கேட்டு, ஏறக்குறைய 1874-இல் யது மல்லிக்கின் தோட்ட வீட்டில் அன்னை மேரியும் குழந்தை ஏசுவும் உள்ள ஓவியத்தைக் கண்ட அவர், கிறிஸ்து பாவத்தில் மூன்று நாட்கள் ஆழ்ந்திருந்தார். இறுதியில் பஞ்சவடியில் ஏசுநாதரைத் தரிசித்து அவரோடு ஒன்றினார். இதைக் கிறிஸ்தவ இறையியலாளர் ஏற்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கில்லை. ஆனால் 1885 அக்டோபரில் சியாம்புகூரில் தம்மைக் காண வந்த கிறிஸ்தவரான பிரபுதயாள் மிஸ்ராவிடம் குருதேவர் நடந்துகொண்ட விதத்தை நாம் மறக்கலாகாது. மேல்நாட்டு உடைக்கு உள்ளே காவி அணிந்திருந்த அவர், நீரால் ஞானஸ்நானம் செய்யாத குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். குருதேவர் அவரைப் பேரன்போடு வரவேற்றார்; அவரது சமயத்தை விடும்படி கேட்கவில்லை.

‘நான் பாவி, நான் பாவி’ என்று இடையறாது சொல்லிக்கொண்டிருப்பவன் அவ்வாறே ஆகிவிடுகிறான் என்பது குருதேவரின் எச்சரிக்கை. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கூறப்பட்டதென்று எண்ணி நாம் மகிழ்வதற்கில்லை. ‘நான் பிரம்மம், எனக்குப் பாவமேது?’ என்று வாயளவில் கூறிக்கொண்டு, பிறருக்கு இழைத்த தீங்கிற்கு ஒரு துளிக் கண்ணீரும் சிந்தாதவன் அவனினும் பெரிய அபாயத்தில் இருக்கிறான். மனந்திரும்புதல் இல்லாத அத்வைதம் அகங்காரத்தின் புதிய அணிகலன். இவ்விடத்தில் கிறிஸ்தவ அன்பர் நமக்கு ஆசிரியராகிறார். தெய்வத்தன்மை நம் இயல்பு என்ற தெம்பை அவருக்கு வேதாந்தம் வழங்கக்கூடும்.

அன்பர்களே, எந்த நீரில் மூழ்கினோம் என்று இறைவன் கேட்பதற்கு முன், மூழ்கியபின் எழுந்தவன் யார் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். காலையில் ஜபமாலையை எடுக்கும்போது நேற்றைய சினமும் பொறாமையும் நம்முள் செத்திருக்க வேண்டும். அச்சாவு தினந்தோறும் நிகழ வேண்டிய ஒன்று. அதற்கான வலிமையை, பாவிகளோடு நின்ற ஏசுநாதரும், ஒருவரையும் விலக்காத குருதேவரும் நமக்கு அருள்வார்களாக!