விடை தெரியாத வினா

மாலை நேரம். விறாந்தையில் எட்டுக் கதிரைகள் வட்டமாக இடப்பட்டிருக்கின்றன. எல்லோரும் ஒரே சிறுகதையை வாசித்துவிட்டு வந்திருக்கின்றனர். வாசகர் வட்டத்தை நடத்துபவர், "இக்கதை நமக்குப் புகட்டும் படிப்பினை யாது?" என்று வினவுகிறார். எவரும் வாய் திறப்பதில்லை. ஈற்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு வசனங்களில் விடை பகர்கிறார். மற்றையோர் தலையசைக்கின்றனர். கூட்டம் முடிந்து தேநீர் வருகிறது. அப்பொழுதுதான் ஒருவர், "எனக்கு விளங்கவில்லை. அந்தத் தாய் ஏன் அப்படிச் செய்தாள்?" என்கிறார். உடனே மூவர் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்குகின்றனர்!

ஊமையாயிருந்தவர்களைப் பேச வைத்தது தேநீரா? அன்று. முதல் வினாவைத் தொடுத்தவரிடம் விடை ஏற்கெனவே இருந்தது. அது பரீட்சை, பிழைவிட்டால் வெட்கம். இரண்டாவது வினாவைக் கேட்டவரோ தம் அறியாமையை மறைக்கவில்லை. அவர் மற்றவரின் உதவியை நாடினார். ஒருவரைச் சோதிப்பதற்கும் அவரிடம் கற்க விரும்புவதற்கும் இடையேயுள்ள வேறுபாடு வெறும் உத்தி சார்ந்ததன்று. அது அறநெறி சார்ந்தது.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை பெய்த ஒரு மாலையில், முன்பின் அறியாத ஒருவனிடம் தன்னை இழந்த கல்லூரி மாணவி வீடு வந்து தாயிடம் அழுகிறாள். தாய் முதலில் அடிக்கிறாள். பின்னர் மகளின் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையானவளே என்று தேற்றுகிறாள். நடந்ததை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறாள். இக்கதை பெரும் வாதப்பிரதிவாதங்களைக் கிளப்பிற்று. தாய் வேறுவிதமாக நடந்திருந்தால் அம்மகளின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்பதைக் கருவாகக் கொண்டு ஆசிரியரே பின்னர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலை எழுதினார். அந்நாவலுக்கு 1972இல் சாகித்திய அக்காதமிப் பரிசு கிடைத்தது. தாம் எழுதிய கதையைத் தாமே மறுபடியும் வினாவாக்கிய எழுத்தாளர் அவர்.

இக்கதையை வாசித்தபின், "தாய் செய்தது சரியா, பிழையா?" என்று கேட்டால் வட்டம் இரண்டு கட்சியாகும். "அந்த நேரத்தில் நீங்கள் மகளிடம் சொல்லும் முதல் வார்த்தை எதுவாக இருந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். மறைப்பதும் பொய்தானே என்பார் ஒரு தகப்பனார். என் பிள்ளையின் துயரம் ஊரின் சொத்தல்ல என்பார் ஒரு தாயார். இருவரும் தம் உள்ளத்திலிருந்து பேசுகின்றனர். அங்கே மௌனமாயிருக்கும் ஒருவருக்கு இது வெறுங்கதையாக இல்லாமலும் இருக்கலாம். ஆகவே பேசாதிருக்கும் உரிமையும் அந்த வட்டத்தில் இருத்தல் வேண்டும்.

1727ஆம் ஆண்டு, பிலடெல்பியா நகரில் இளைஞரான பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பர்களைச் சேர்த்து ஒரு கலந்துரையாடற் குழுவை அமைத்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அது கூடும். அக்குழுவில் ஒரு விநோதமான விதி இருந்தது. தன் கருத்தே முடிந்த முடிபு என அடித்துச் சொல்பவரும், மற்றவரை நேருக்கு நேர் மறுத்துரைப்பவரும் சிறு தொகை தண்டம் கட்ட வேண்டும்! வெல்வதற்காகவன்றி உண்மையைத் தேடுவதற்காகவே பேசுவது அவர்களது நோக்கமாயிருந்தது.

அப்படியானால் உண்மை என்று ஒன்றில்லையா, எல்லாம் அவரவர் அபிப்பிராயம்தானா என்று சிலர் கேட்கலாம். இல்லை. உண்மை உண்டென்று நம்புகிறவனே அதைத் தேடுவான். தன் கொள்கையில் உறுதியாய் நிற்பவன் பிறர் பேசுவதைக் கேட்க அஞ்ச வேண்டியதில்லை. எதிராளியின் கருத்தை, "ஆம், நான் சொன்னது அதுவே" என்று அவரே ஒப்புக்கொள்ளுமாறு எடுத்துரைக்க வல்லவனுக்கே அதை மறுக்கும் தகுதியுண்டு.

இது வாசகர் வட்டத்துக்கு மட்டுமா? பிள்ளைகளிடம் நாம் கேட்கும் கேள்விகளில் எத்தனை, விடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பவை! அவர்கள் ஏன் பேசுவதில்லை என்று பிறகு குறைப்படுகிறோம்.

அடுத்த முறை கூடும்போது, ஒவ்வொருவரும் தமக்கு விளங்காத அல்லது உறுத்திய ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு வரட்டும். நடத்துபவர் தம் கருத்தைக் கடைசியாகச் சொல்லட்டும். தேநீரை மட்டும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.