பழமை தூய்மை ஆகுமா?

மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாகி, வாசித்ததும் வீசியெறியப்பட்டவை அமெரிக்காவின் ‘பல்ப்’ கதையிதழ்கள். அவற்றுள் ஒன்று 1923-இல் தோன்றிய ‘வியர்ட் டேல்ஸ்’. 1930-களில் அதன் அட்டைகள் பலவற்றைச் சிகாகோ நகர ஓவியர் மார்கரெட் பிரண்டேஜ் வண்ணச் சுண்ணக்கோல்களால் தீட்டினார். தாயையும் மகனையும் தம் உழைப்பால் காத்த பெண்மணி அவர். ஆயினும், ஆடை குறைந்து அச்சத்தில் நடுங்கும் மங்கையரையே அவர் மிகுதியாக வரைய நேர்ந்தது. கடையில் கண்ணைக் கவர்ந்து இதழை விற்பதற்கு அத்தகைய படமே பயன்பட்டது.

அமிலம் மிகுந்த அத்தாள் பழுப்பேறி உதிரக்கூடியது. அதனால் எஞ்சியிருக்கும் இதழ்களைச் சேகரிப்போர் பெரும் விலை கொடுத்து வாங்கிப் பேணுகின்றனர். நிறங்களின் துணிவையும் ஓவியரின் கைத்திறனையும் விரும்புவது குற்றமன்று. குப்பைக்குப் போகவிருந்த உழைப்பைக் காப்பது ஒருவகை நன்றிக்கடனே.

ஆனால் நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அன்று ஒரு பெண்ணின் அச்சத்தை விலைப்பொருளாக்கிய படம், இன்று அரிதாகிவிட்டதால் மாசற்றதாகிவிடுமா? ஆண்டுகள் ஒரு பொருளின் விலையைக் கூட்டலாம், அது பிறந்த நோக்கத்தை மாற்ற அவற்றால் இயலாது. வரைந்த கையை மதிக்கும் நாம், வரையப்பட்டவளின் நடுக்கத்தையும் காணக் கடமைப்பட்டுள்ளோம். அவளும் இறைச்சாயல் தாங்கியவள் என்பதை மறவாத கண்ணே கலையை உண்மையாய்ச் சுவைக்கும் கண்.