முடிவில்லாத பத்தியம்

பத்தியம் என்ற சொல்லுக்கு ஒரு எல்லை உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி தின்றவன் எண்ணெயையும் புளியையும் விலக்கியிருப்பான். பிள்ளை பெற்றவள் இத்தனை நாள் வரை இன்னது என்று சாப்பிட்டிருப்பாள். மருந்து முடிந்தால் பத்தியமும் முடியும். மருந்து முடிந்த பிறகு தொடரும் மறுபத்தியத்துக்குக்கூட நாள் கணக்கு இருக்கிறது. நோய், மருந்து, விலக்கு, பிறகு வழக்கமான சாப்பாடு. போனவன் திரும்பி வந்துவிடுவான்.

இன்று நம்மில் பலர் இருக்கும் பத்தியத்திற்கு நோய் கிடையாது. ஆகவே முடிவும் கிடையாது. அது முதுமைக்கு எதிரானது. முப்பத்தைந்தில் ஆரம்பித்துச் சாகும்வரை இருக்க வேண்டியது. எந்த மாத்திரை நல்லது, எது கெட்டது என்று சொல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். என் கேள்வி வேறு. ஆரோக்கியமாக இருப்பது ஒரு பாக்கியமா, அல்லது கடமையா? கடமை என்றால், யாருக்கு?

முதலில் விஞ்ஞானத்துக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். வைட்டமின்களின் சரித்திரம் இல்லாமையின் சரித்திரம். 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஸ்கர்வி கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமாகச் சிகிச்சை செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சீக்கிரம் எழுந்தார்கள். 1890களில் ஜாவாவில் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு போகாத அரிசியில் தேறுவதையும் கண்டார். 1912ல் காசிமிர் ஃபங்க் அந்த மறைபொருளுக்குப் பெயர் வைத்தார். நமக்குப் பக்கத்தில் குன்னூரில், பெரிபெரி நோய் பற்றி 1918ல் மக்கரிசன் ஒற்றை அறையில் தொடங்கிய ஆராய்ச்சிதான் வளர்ந்து, 1958ல் ஹைதராபாதுக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி தின்றவர்களை அந்த நோய் அவ்வளவாகத் தீண்டாததற்கு இதுவே காரணம்.

இவையெல்லாம் சொன்ன பாடம் ஒன்றுதான்: துளி குறைந்தால் உயிர் போகும். இதைத் தலைகீழாக்கி, துளி கூடினால் உயிர் நீளும் என்று நாம் படித்துக்கொண்டோம். நான் வங்கிக்காரன். குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் அபராதம் விழுவது உண்மை. அதனால், நடப்புக் கணக்கில் கொண்டுவந்து கொட்டினால் வட்டி கிடைக்கும் என்று ஆகிவிடாது.

தலைகீழாகப் படித்தவர்கள் எல்லோரும் முட்டாள்கள் அல்ல. லைனஸ் பாலிங் 1954ல் ரசாயனத்துக்கும், 1962ஆம் வருஷத்துக்கான சமாதானத்துக்கும் தனித்தனியே நோபல் பரிசு பெற்றவர். 1970ல் வைட்டமின் சியும் ஜலதோஷமும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாளுக்கு நூறு மில்லிகிராம்கூடத் தேவைப்படாத பொருளை கிராம் கணக்கில் தின்றார், தின்னச் சொன்னார். புற்றுநோய்க்கும் அதையே சொன்னார். மேயோ கிளினிக்கின் சோதனைகள் 1979லும் 1985லும் பலனில்லை என்றன, அவர் ஒப்பவில்லை. அவர் மனைவி ஏவா ஹெலன் 1981ல் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். பாலிங் 1994ல் தொண்ணூற்று மூன்று வயதில் இறந்தார். முதல் மரணத்தைக் காட்டி மருந்து பொய் என்பவரும், இரண்டாவதைக் காட்டி மருந்து மெய் என்பவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஒரு வாழ்க்கை எதற்கும் நிரூபணம் ஆவதில்லை.

நிரூபணம் கூட்டத்தில்தான் கிடைக்கும். அதே 1994ல் பின்லாந்தில் புகை பிடிக்கும் இருபத்தொன்பதாயிரம் ஆண்களிடம் செய்த சோதனை வெளிவந்தது. பீட்டா கரோட்டின் தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. 1996ல் அமெரிக்காவில் அதே போன்ற ஒரு சோதனையை இதே காரணத்தால் பாதியில் நிறுத்தினார்கள். 2011ல் வைட்டமின் இ தின்ற ஆண்களிடம் பிராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. 2018ல் சுமார் இருபத்தாறாயிரம் பேரிடம் வைட்டமின் டி சோதிக்கப்பட்டது. புற்றுநோய் வருவதையோ மாரடைப்பையோ அது குறைக்கவில்லை.

மாத்திரை எல்லாம் மோசடி என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்வது இன்னொரு சோம்பல். வயதானால் பலருக்கு வயிற்றில் அமிலம் குறைந்து, உணவிலுள்ள பி12 உடம்பில் ஏறுவது சிரமமாகிறது. மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும், சர்க்கரை வியாதிக்கு மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் தின்பவர்களுக்கும் இந்தக் குறை இன்னும் சகஜம். தள்ளாமை, மறதி என்று நாம் ஒதுக்கிவிடுவது சிலரிடம் இந்தக் குறைதான். ரத்தம் பார்த்து, குறை கண்டு, நிரப்புவது வைத்தியம். அதற்குப் பழைய பத்தியத்தைப் போல ஒரு காரணம் இருக்கிறது. காரணமில்லாமல் தின்பது வேறு ஜாதி. அதை நான் வைத்தியம் என்பதைவிட வழிபாடு என்பேன்.

இந்த வழிபாட்டின் செலவு பணத்தில் மட்டும் இல்லை. மத்திய அரசின் ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் உயிரோடிருப்பதற்குச் சான்று தர வேண்டும். இயந்திர வழியில் தரலாம் என்று 2014லிருந்து வசதி இருந்தும், பலர் கவுண்ட்டருக்கே வருகிறார்கள். தபால் இலாகாவில் இருந்த ஒருவர், எழுபத்தெட்டு வயது, ஒரு துணிப்பையில் ஏழெட்டு டப்பாக்களுடன் வந்தார். மேலதிகாரி வாங்கி வைத்த காபியை எடுக்கவில்லை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லையா என்று யாரோ கேட்டார்கள். "பந்தியில உக்காரச் சொல்லுவாங்க தம்பி. உக்காந்தா இலையைப் பாத்துக்கிட்டே இருக்கணும். அதான் எங்கேயும் போறதில்லே" என்றார். குரலில் வருத்தம் இல்லை. ஒரு பெருமிதம் இருந்தது. என்னை உறுத்தியது அந்தப் பெருமிதம். எதற்காக நீண்ட நாள் இருக்க வேண்டுமோ அதைக் கொடுத்து நாட்களை வாங்கிக்கொண்டிருந்தார்.

கட்டுப்பாடே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் பாதுவாவில் இருந்த லுயீஜி கொர்னாரோ, நாளுக்குப் பன்னிரண்டு அவுன்ஸ் உணவு, பதினான்கு அவுன்ஸ் திராட்சை ரசம் என்று நிறுத்துச் சாப்பிட்டார். 1558ல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். வீட்டார் வற்புறுத்தி இரண்டு இரண்டு அவுன்ஸ் கூட்டியபோது நோயில் விழுந்ததாக எழுதுகிறார். சிரிக்கலாம். ஆனால் அதே மனிதர், தான் சதுப்பு நிலங்களை வடித்துக் கழனியாக்கியதையும், வீடுகள் கட்டியதையும், பேரக் குழந்தைகளின் பாட்டைக் கேட்டதையும் சொல்கிறார். அவருடைய தராசு வாழ்க்கைக்குக் காவல் இருந்தது. நம் தபால்காரரிடம் தராசே வாழ்க்கையாகிவிட்டது.

ஆரோக்கியம் கடமையாகும்போது நிகழும் இன்னொன்று எனக்கு இதைவிடக் கொடுமையாகப் படுகிறது. நோயாளி குற்றவாளியாகிறான். படுத்தவனைப் பார்க்கப் போகிறவர்கள் "என்ன சாப்பிட்டார்? நடப்பாரா?" என்று விசாரிக்கிறார்கள். இது அக்கறை போலத் தொனித்தாலும் விசாரணைதான். அவன் ஏதோ செய்திருக்கிறான், நாம் செய்யவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு வீடு திரும்புவதற்கான விசாரணை. முன்பு பூர்வ ஜென்ம வினை இருந்த நாற்காலியில் இப்போது கொலஸ்டிரால் உட்கார்ந்திருக்கிறது. வினைக்காவது இந்த ஜென்மத்தில் மன்னிப்பு இருந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. "நான் எனக்காகவா பார்த்துக்கொள்கிறேன்? பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாதே" என்பது. இதை லேசாகத் தள்ள முடியாது. படுக்கையில் விழுந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளின் வருஷங்கள் கற்பனையல்ல. நடப்பதும், புகையை விடுவதும், ரத்த அழுத்தத்தைக் கவனிப்பதும் அவளுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் பாரமாவதே ஒழுக்கக்கேடு என்று வைத்துவிட்டால், பிறந்த குழந்தையில் தொடங்கி யாரும் மிஞ்ச மாட்டோம். தாங்கப்படுவதற்கு வெட்கப்படுகிறவன், தாங்குகிறவர்களையும் உள்ளூர இகழ்கிறான்.

பி.ஏ. வகுப்பில் படித்த ஸ்விஃப்ட் இங்கே உதவுகிறார். சாவே இல்லாத மனிதர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் கலிவர், தான் அப்படிப் பிறந்திருந்தால் சிக்கனத்தாலேயே இருநூறு வருஷத்தில் பெரும் பணக்காரனாகியிருப்பேன் என்று கனவு காண்கிறான். பிறகு அவர்களைப் பார்க்கிறான். எண்பதில் அவர்கள் சட்டப்படி இறந்தவர்கள். சொத்து வாரிசுக்குப் போய்விடும். தொண்ணூறில் பல்லும் முடியும் போய், ருசியும் பசியும் அற்றுக் கிடைத்ததைத் தின்கிறார்கள். நாட்கள் தீரவில்லை; நாட்களில் செய்ய எதுவும் இல்லை.

நம்மிடம் ஒரு நெல்லிக்கனி இருக்கிறது. அதியமான் ஔவைக்குக் கொடுத்ததாகப் புறநானூறு சொல்வது. நெல்லியில் வைட்டமின் சி மிகுதி, பழந்தமிழருக்குத் தெரிந்திருக்கிறது என்று இதற்கு உரை சொல்லும் மேடைகள் உண்டு. அந்தப் பாட்டின் அதிசயம் கனியின் சக்தியில் இல்லை. நீண்ட ஆயுள் கையில் இருந்தபோது அதைத் தான் தின்னாமல், அதன் பெருமையையும் சொல்லாமல், இன்னொருத்திக்குக் கொடுத்தான் என்பதில் இருக்கிறது. அவன் போரில் வேல் பாய்ந்து இறந்தான். அவனுக்குக் கையறுநிலை பாட ஔவை எஞ்சியிருந்தாள்.

என் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதற்குள் இருக்கிறது. ஆரோக்கியம் பாக்கியந்தான், வாய்க்காதவன் குற்றவாளி அல்ல. வாய்த்தவனுக்குக் கடமை உண்டு. ஆனால் அது அந்த ஆயுளைக் காப்பதில் இல்லை. எஞ்சுகிறவர்கள் போனவர்களுக்குச் சாட்சியாக இருக்க வேண்டியிருக்கிறது. ஔவை, அவன் யாருக்கெல்லாம் கொடுத்தான் என்பதைச் சொன்னாள். சொல்லத் தெரிந்திருந்தது, அவன் பந்தியில் அவளும் உட்கார்ந்திருந்ததால்.